விளக்கெண்ணெய், வெடிபஞ்சு, பன்றி வளையம்: ஒரு பழைய கார் சீட்டின் பூர்வீகம்

பழைய மோரிஸ் காரையோ ஆரம்பகால அம்பாசடரையோ ஆசைப்பட்டு வாங்கியவர் முதலில் இன்ஜினைப் பார்ப்பார். அடுத்து துருவைத் தேடுவார். சீட்டின் முறை கடைசியில்தான் வரும். அதுவரை அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்துச் சமாளிப்பார். ஒருநாள் துணிந்து போல்ட்டைக் கழற்றி, சீட்டை வெளியே தூக்கிக் கவிழ்த்து வைத்தால்தான் இத்தனை காலம் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்பது தெரியும். மேலே தோலோ ரெக்ஸினோ இருக்கும். அதற்கு அடியில் பஞ்சு. பஞ்சுக்கு அடியில் சுருண்ட குதிரைமயிர், அல்லது தென்னை நார். அதற்கும் கீழே சாக்கு. சாக்கைத் தாங்கித் துருப்பிடித்த கம்பிச் சுருள்கள். உறையை இழுத்துப் பிடித்திருப்பவை சின்னச் சின்ன இரும்பு வளையங்கள்.

இதில் எந்தப் பொருளும் காருக்காகப் பிறந்ததில்லை. கப்பலில் வாந்தி எடுத்தவர்களுக்காகச் செய்தது, பன்றியின் மூக்குக்காகச் செய்தது, பீரங்கிக்காகச் செய்தது, சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைக்காகச் செய்தது என்று எல்லாமே இரவல் சரக்கு. ‘ஒரிஜினல் சீட்’ என்று பழைய கார்ப் பிரியர்கள் பயபக்தியோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரவல் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

கம்பிச் சுருளிலிருந்து தொடங்குவோம். 18ஆம் நூற்றாண்டின் கோச்சு வண்டிகளில் கூண்டைத் தாங்க வில் உண்டு. உட்காரும் மெத்தைக்குள் வைக்கோலும் மயிரும்தான். 1822இல் வியன்னாவில் கியார்க் யூனிக்ல் என்ற மெத்தைத் தொழிலாளி இருக்கைக்குள் இரும்புச் சுருள் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் சாமுவேல் பிராட் வந்தார். இவர் கூடாரம், மடக்குக் கட்டில் என்று முகாம் சாமான்கள் செய்து விற்றவர். அதை வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் கப்பலில் போகிறவர்கள். அவர்களுடைய பெரிய தொல்லை கடல்நோய். கப்பல் ஆடினாலும் உட்கார்ந்திருப்பவர் ஆடாமலிருக்க, சுருள்கம்பி வைத்த ஊசல் நாற்காலி ஒன்றுக்கு 1826இல் பிராட் காப்புரிமை வாங்கினார். கடல்நோய் இன்றைக்கும் இருக்கிறது. சுருள்கம்பி மட்டும் கப்பலிலிருந்து இறங்கி வரவேற்பறை சோபாவுக்குள் புகுந்து, அங்கிருந்து கோச்சு வண்டிக்குப் போய்விட்டது.

சுருள்மேல் அப்படியே உட்கார முடியாது, குத்தும். இடையில் வைக்கும் பொருள் அமுங்கவும் வேண்டும், எழுந்ததும் பழையபடி நிமிரவும் வேண்டும். குதிரையின் வாலுக்கும் பிடரிக்கும் அந்தக் குணத்தை வரவழைக்கலாம், கொஞ்சம் மெனக்கெட்டால். மயிரைக் கயிறாக முறுக்கி, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, முறுக்கோடு நாள்கணக்கில் போட்டுவைத்துப் பிறகு பிரித்துக் கோதுவார்கள். நேராக இருந்த ஒவ்வொரு மயிரும் சுருளாகியிருக்கும், அந்தச் சுருள் பல பத்தாண்டுகளுக்குப் போகாது. ரஷ்யாவிலிருந்தும் தென் அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கு இது வந்தது. விலை ஏற ஏறக் கலப்படமும் ஏறியது. மாட்டு வால்மயிர், பன்றிமயிர், காய்ந்த கடற்புல், அல்ஜீரியப் பனை நார், நம் பக்கத்துத் தென்னை நார் எல்லாம் குதிரைமயிர் என்ற பெயரில் மெத்தைக்குள் நுழைந்தன. பழைய சீட்டைப் பிரிக்கும் அனுபவசாலிகள் உள்ளிருந்து ஒரு இழையை எடுத்து நெருப்பில் காட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். மயிர் பொசுங்கி நாறும். நார் விறகு வாசனையோடு எரிந்து தீரும்.

மயிர் சுருளுக்குள் இறங்கிவிடாமல் நடுவே போட்ட சாக்குத் துணிக்கும் ஒரு கதை உண்டு. வங்காளத்துச் சணல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்குப் போனது. விறைப்பான நார், ஆலை இயந்திரத்தில் போட்டால் முறிந்தது. டண்டி வெறும் நெசவு ஊராக மட்டும் இருந்திருந்தால் சணலைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகமும் அதுவே. திமிங்கில எண்ணெயையும் தண்ணீரையும் தெளித்து ஊறவைத்தால் சணல் இளகி நூற்கவரும் என்பது 1830களில் பிடிபட்டது. வங்காளத்துச் செடியும் வடகடல் திமிங்கிலமும் கூடிப் பெற்ற அந்தத் துணிதான் உலகத்தின் மெத்தைகளுக்கெல்லாம் அடித்துணியாகப் போயிற்று.

மேலுறைக்கு வருவோம். வேடிக்கையெல்லாம் இங்கேதான்.

தோல் விலை அதிகம், ஒரு மாட்டின் அளவைத் தாண்டி நீளாது, தழும்பும் உண்ணிக்கடியும் இருக்கும். அதனால் போலித் தோலுக்கு ஆசைப்பட்டவர்கள் வெகுகாலமாகவே இருந்தார்கள். 1850களில் அமெரிக்காவின் நியூவார்க்கைச் சேர்ந்த கிராக்கெட் குடும்பத்தார், பருத்தித் துணியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் கரியையும் பூசி, உருளையில் கொடுத்துத் தோலின் வரிகளை அழுத்திப் பதித்தார்கள். சரக்கு இங்கிலாந்துக்கு வந்து, லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாமில் தொழிற்சாலையும் எழுந்தது. போலிக்கு நல்ல விலை கிடைத்தால் போலிக்குப் போலி வராமலிருக்குமா? தொழிலை விலைக்கு வாங்கிய கம்பெனி, எங்கள் முத்திரையை இன்னொருவன் காப்பியடிக்கிறான் என்று வழக்குப் போட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1865இல் முடிந்தது. நீதிபதிகள் முத்திரையை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ‘பதனிட்டது’ என்று அதில் இருந்தது. அந்த முத்திரை குத்திய துணியில் பதனிடாததும் ஏராளம். கிராக்கெட்டின் தயாரிப்பு என்று இருந்தது, தொழிலோ கைமாறியிருந்தது. உன் முத்திரையே பொய் சொல்லும்போது அதைப் பார்த்து எழுதியவனைத் தடுக்கச் சொல்லி இங்கே வராதே என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். வணிகமுத்திரைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் போலித்தோல் இடம்பிடித்த விதம் அதன் சுபாவத்துக்குப் பொருத்தமானதுதான்.

எண்ணெய்த் துணி வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அடுத்த தலைமுறைப் போலிக்கான வித்து அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தில் விழுந்திருந்தது. பேசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் 1845இல் வீட்டுச் சமையலறையில் ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்களைக் கொட்டிவிட்டார், கைக்குக் கிடைத்த மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து அடுப்பருகே காயப்போட்டார், காய்ந்ததும் அது குபீரென்று எரிந்து மாயமாகிவிட்டது என்பது வேதியியல் வகுப்புகளில் சலிக்காமல் சொல்லப்படும் கதை. கதையில் எத்தனை சதவீதம் மசாலா என்றாலும், மறுவருடம் அவர் உலகுக்கு அறிவித்த வெடிபஞ்சு நிஜம். பீரங்கிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே நைட்ரோசெல்லுலோஸை மென்மையாக்கிக் கரைத்துத் துணியில் பூசினால் பளபளப்பான உறை கிடைக்கும் என்பதை வேறு சிலர் பிடித்துக்கொண்டார்கள். அதை மட்டும் பூசினால் காய்ந்து நொறுங்கிவிடும். வளைந்து கொடுக்க ஓர் எண்ணெய் வேண்டும், அதுவும் ஆவியாகாத எண்ணெயாக. பலவற்றைக் கலந்து பார்த்தவர்கள் கடைசியில் வந்து நின்றது ஆமணக்கில். தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த அதே விளக்கெண்ணெய். அப்போது உலகத்துக்கு ஆமணக்கு விதை அனுப்பியதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருந்தது.

மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் இப்படிச் செய்த துணிதான் ரெக்ஸின். பேருந்து, ரயில் பெட்டி, கார், புத்தக அட்டை என்று அது போகாத இடமில்லை. அமெரிக்காவில் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஃபேப்ரிகாய்ட். அதை 1910இல் வாங்கியது யார் என்று பாருங்கள்: வெடிமருந்துக் கம்பெனி டூபாண்ட். அரசாங்கம் தன் வெடிமருந்தைத் தானே தயாரிக்கத் தொடங்கிவிட்டால் நைட்ரோசெல்லுலோஸ் ஆலைகளை என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. போலித்தோல் கைகொடுத்தது. வாங்கிய கையோடு விளம்பரத்தில் ஒரு தாக்குதலும் தொடங்கினார்கள். சந்தையில் தோல் என்று விற்பதில் பாதிக்குமேல் மாட்டுத்தோலை ஏடு ஏடாகச் சீவி, அடி ஏட்டின் மேல் சாயம் பூசியதுதான். அதைவிட எங்கள் துணி உறுதியானது என்றார்கள். போலி எழுந்து நின்று அசலை ‘நீதான் போலி’ என்று சொன்ன விசித்திரம். சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அசல் தோலின் வரலாறும் நேர்வழியில் வந்ததல்ல. கோச்சு வண்டியில் தோல் மெத்தை யாருக்கு? மழையிலும் வெயிலிலும் வெளியே உட்காரும் வண்டிக்காரனுக்கு. கூண்டுக்குள் இருக்கும் எஜமானருக்குக் கம்பளித் துணி, வெல்வெட், பட்டு. கார் வந்ததும் அதே சம்பிரதாயம் தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் செய்த உயர்ரக லிமோசின்களில் டிரைவர் சீட் தோல், பின்சீட் உயர்ந்த கம்பளித் துணி. பணக்காரர்கள் தாங்களே ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தோலுக்கு மவுசு வந்தது. 1878இல் லண்டனில் சேணத்துக்கும் செருப்புக்கும் தோல் வேலை பார்க்கத் தொடங்கிய கானலி சகோதரர்களின் தோல், ரோல்ஸ் ராய்ஸுக்குள்ளும் ஜாகுவாருக்குள்ளும் போய் அந்தஸ்தின் வாசனையாகவே மாறியது. பழைய சம்பிரதாயம் முழுக்கச் செத்துவிடவில்லை. ஜப்பானியச் சக்கரவர்த்திக்காக 2006இல் வந்த டொயோட்டா செஞ்சுரி ராயலில் முன்சீட்டுக்குத் தோல், பின்சீட்டுக்குக் கம்பளி.

தோலைப் பதனிடும் விதமும் இதற்கிடையில் மாறியது. காலங்காலமாக மரப்பட்டைதான், மெட்ராஸ் தோலுக்கு லண்டன் ஏலங்களில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம்பட்டை. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற சாய வேதியியலாளர் குரோமிய உப்பால் பதனிடக் காப்புரிமை வாங்கினார். பெண்களின் இடுப்புக் கச்சைக்குள் வைக்கும் எஃகுப் பட்டையைத் துருப்பிடிக்கவைக்காத தோல் வேண்டுமென்று ஒரு வியாபாரி கேட்டதில்தான் இது தொடங்கியது என்பார்கள். அது நம் ஊருக்கு வந்த பாதை இன்னும் வேடிக்கையானது. மெட்ராஸ் கலைத்தொழில் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்தில் குரோம் பதனிடலைச் செய்து பார்த்தபோது, அவர் மனத்தில் இருந்தவற்றுள் ஒன்று கவலை இறைக்கும் தோல் சால். தண்ணீரிலேயே கிடந்து ஊறி அழுகும் சால் குரோம் தோலில் செய்தால் நீண்ட நாள் உழைக்கும் அல்லவா? அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகப் பல்லாவரம் பக்கத்தில் குரோம் தோல் தொழிற்சாலை வந்தது. தொழிற்சாலை போய்விட்டது, குரோம்பேட்டை ரயில் நிலையம் இருக்கிறது. இடுப்புக் கச்சை, கவலைச் சால், கார் சீட் மூன்றும் ஒரே உப்பில் நனைந்த உறவினர்கள்.

சேணத்திலிருந்து காருக்கு வந்த பயணத்தை மெட்ராஸ் தன் கண்ணாலேயே பார்த்தது. 1840இல் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைச் செய்து சாலையில் விட்டார். உலகமெங்கும் இதே கதைதான். முதல் கார்களுக்கு சீட் தைத்தவர்கள் நேற்றுவரை கோச்சு வண்டிக்குத் தைத்தவர்கள். கைமுறையும் அப்படியே வந்தது: மரச்சட்டம், ஆணி, மயிர் நகராமலிருக்கக் கட்டம் கட்டமாகப் பித்தான்.

ஹென்றி ஃபோர்டின் அவசரத்துக்கு இந்த நிதானம் ஒத்துவரவில்லை. மாடல் டி சீட்டுகளில் தோல் போய்ப் போலித்தோல் வந்தது. உள்ளே திணிக்க லூசியானா சதுப்பு நிலங்களில் மரத்துக்கு மரம் தொங்கும் ஸ்பானியப் பாசியைக் கூடப் பயன்படுத்தினார்கள். ஊறப்போட்டு மேல்தோலை அழுகவிட்டால் உள்ளே கறுப்பாகக் குதிரைமயிர்ச் சாயலில் இழை மிஞ்சும். அதில் இருந்த பூச்சிகள் கடித்துக் கார்களையே திரும்ப அழைத்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அமெரிக்கத் தென்மாநிலத்துச் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை, நம்ப வேண்டியதில்லை. அடுத்து, மரச்சட்டம் இருந்த இடத்தில் இரும்புச் சட்டம் வந்தபோது ஒரு சிக்கல். இரும்பில் ஆணி இறங்காது. உறையை எதில் பிடித்துக் கட்டுவது? விடை பன்றித் தொழுவத்தில் இருந்தது. மண்ணைக் கிளறி நாசம் செய்யும் பன்றியின் மூக்கில் ஒரு கூர்முனை இரும்பு வளையத்தைக் குறடால் நசுக்கி மாட்டிவிடுவது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க விவசாயிகளின் வழக்கம். கிளறினால் வலிக்கும். அதே வளையம், அதே குறடு. உறையின் ஓரத்துக்குள் ஒரு கம்பியைச் செருகி, அந்தக் கம்பியையும் சட்டத்தின் கம்பியையும் சேர்த்து வளையத்தால் ஒரு நசுக்கு. இன்றைக்கும் கார் ஆலைகளில் இது நடக்கிறது.

1929. பர்மிங்ஹாமில் டன்லப் டயர் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் மர்ஃபி, ரப்பர் பாலை முட்டை அடிக்கும் கருவியால் நுரைக்க நுரைக்க அடித்தார். நுரை அடங்குவதற்குள் அதைக் கெட்டியாக்கவும் வழி கண்டார். டன்லப்பில்லோ பிறந்தது. ரப்பர் அதுவரை ஷீட்டாகக் காய்ந்து கப்பலேறியது. அம்மோனியா கலந்தால் பால் பாலாகவே நெடுந்தூரம் வரும் என்று தெரிந்த பிறகே இந்த நுரைக்கு வழி பிறந்தது. அந்தப் பாலுக்காக மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன்னே மரம் சீவப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். லண்டன் பஸ்ஸில் மெத்தென்று உட்கார்ந்தவருக்கும் சேலம், திருச்சியிலிருந்து கப்பலேறியவருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது. ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

மேலுறையில் அடுத்து வந்த பிவிசியின் கதையில் இரண்டு விபத்துகள். 1872இல் ஜெர்மானியர் பௌமான் வெயிலில் மறந்துவைத்த குடுவைக்குள் ஒரு வெள்ளைப் பொருள் உருவாகியிருந்தது. யாருக்கும் உதவாது என்று கிடந்தது. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் உலோகத்தோடு ரப்பரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. அந்த உதவாப் பொருளைக் கொதிநிலை உயர்ந்த திரவத்தில் கரைத்ததில் வளைந்து துள்ளும் ஒரு சவ்வு கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைட்ரோசெல்லுலோஸ் ரெக்ஸினை இது ஓரங்கட்டிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்று ரெக்ஸின் என்று கேட்டால் கிடைப்பது பிவிசி பூசிய துணிதான். இந்தப் போலிக்கு வெட்கமும் கிடையாது. நாகஹைடு என்ற அமெரிக்க ரகத்துக்கு 1960களில் ஒரு விளம்பரம் செய்தார்கள். நாகா என்று ஒரு அசட்டுச் சிரிப்பு விலங்கு, அதைக் கொல்லவேண்டாம், தானாகவே தோலை உரித்துக் கொடுத்துவிடும் என்றார்கள். பொம்மையும் விற்றார்கள். மே மாதச் சென்னையில் வெயிலில் நின்ற காருக்குள் அரைக்கால் சட்டையோடு ஏறிய பிள்ளைகளுக்கு மட்டும் அந்த விலங்கின் மறுபக்கம் தெரியும்.

பாலியூரத்தேனை ஓட்டோ பேயர் 1937இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார். கெட்டிப் பிளாஸ்டிக் எதிர்பார்த்த இடத்தில் ஈரம் கலந்ததால் குமிழி குமிழியாக வந்தது. சோதித்தவர்கள் போலிப் பாலாடைக் கட்டி செய்யத்தான் உதவும் என்று கிண்டலடித்தார்களாம். அந்தக் குமிழிதான் 1950களில் ஸ்பாஞ்ச் ஆயிற்று. அச்சில் ஊற்றினால் முழு சீட்டும் ஒரே துண்டாக வந்துவிடும். மயிரும் வேண்டாம், சாக்கும் வேண்டாம், கோதி நிரப்பும் ஆளும் வேண்டாம். ஆனால் ஸ்பாஞ்சுக்கு ஆயுள் குறைவு. நாற்பது வருட ஸ்பாஞ்சைத் தொட்டால் மஞ்சள் பொடியாக உதிரும். அதைவிட மூத்த குதிரைமயிரை அலசி, உலர்த்தி, கோதி மறுபடி வைக்கலாம்.

மயிருக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே வந்த ஒன்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம்: ரப்பர் பால் தெளித்துப் பலகையாக்கிய தென்னை நார். ரப்பர் மரம் பிரேசிலின் சொத்து. 1876இல் ஹென்றி விக்காம் எழுபதாயிரம் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோக, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. தென்னை எதிர்த்திசையில் போனது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதைப் பிரேசில் கரையில் இறக்கினார்கள். இடம் மாறிக்கொண்ட இந்த இரண்டு மரங்களும் சந்தித்துக்கொண்ட இடம் கார் சீட். 1990களில் பிரேசிலின் பெலெம் பகுதியில் மெர்சிடஸுக்காகத் தேங்காய் நாரும் ரப்பர் பாலும் சேர்த்துத் தலைசாய்ப்பு செய்யத் தொடங்கியபோது, அமேசானின் இயற்கைப் பொருள் என்று புகழ்ந்தார்கள். ஆலப்புழைக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பீட்டில் காரின் சீட்டிலும் மயிரும் தென்னை நாரும் இருந்தன. அதன் பேட்டரி பின்சீட்டுக்கு நேர் அடியில். மூடியில்லாத பேட்டரிமேல் கனமான ஆள் உட்கார்ந்து, கம்பிச் சுருள் பேட்டரி முனையைத் தொட்டு, நார் புகைய ஆரம்பித்த அனுபவம் பீட்டில் சொந்தக்காரர்களிடையே பிரசித்தம். பழைய பீட்டில் வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி அந்த மூடியைப் பார் என்பதுதான்.

அம்பாசடருக்கு வந்தால் எல்லாப் பாதைகளும் ஒரே பெஞ்சு சீட்டில் வந்து முடிகின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த இந்தக் கார் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. வியன்னா சுருள், டண்டி சாக்கு, தென்னை நார், குட்ரிச் பிவிசி. அரசாங்க அம்பாசடரின் பின்சீட்டில் மட்டும் ஒரு வெள்ளை டர்க்கி டவல் விரித்திருக்கும். டிரைவர் வெறும் ரெக்ஸினில், கலெக்டர் துணியில். கோச்சு வண்டிச் சம்பிரதாயத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் அலுவலகங்கள் கண்டுபிடித்துவிட்டன.

இப்படிப்பட்ட சீட்டைக் கெடுக்காமல் கழற்றுவது எப்படி? முதல் விதி, இழுக்கக்கூடாது. காய்ந்த தோல் ஊசித்துளை வழியாகத் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வரும். பன்றி வளையங்களை ஒவ்வொன்றாகக் கட்டரால் வெட்டி எடுக்கவேண்டும், திருகி எடுத்தால் துணி போய்விடும். ஓரத்துக்குள் இருக்கும் கம்பியை உருவி, எந்தப் பக்கக் கம்பி என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டிவைக்கவேண்டும். இடமும் வலமும் பார்க்க ஒன்றுதான், மாட்டும்போது பொருந்தாது. தையலைப் பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் சாக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போடுவார்கள். மறுபடி தைக்கும்போது கோடு கோட்டோடு சேர்ந்தால் வளைவு தானாக வந்துவிடும். வெடித்த தோலுக்குப் பின்னால் மெல்லிய துணியை விட்டு, இளகிய பசையால் ஒட்டி, பிளவை நிரப்பிச் சாயம் கொடுக்கலாம். பிரிந்த தையலை மெஷினில் ஓட்டினால் பழைய துளைகளுக்கு நடுவே புதிய துளைகள் விழும், அத்தோடு தோலின் கதை முடிந்தது. அரைவட்ட ஊசியும் மெழுகு நூலுமாகப் பழைய துளை வழியே கையால்தான் போகவேண்டும். பட்டையில் பதனிட்ட பழைய தோலில் ஆவியடித்துச் சுருக்கம் எடுக்கப் பார்த்தால் அது சுருங்கி இறுகிப்போகும். குரோம் தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும். ஆகவே கையில் இருப்பது ஆவாரம்பட்டை வம்சமா, இடுப்புக் கச்சை வம்சமா என்று முதலில் தெரியவேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு, புதிதாகத் தைத்தால் என்ன என்ற கேள்விக்கு இப்போது எழுத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. கோயில்களையும் கோட்டைகளையும் எப்படிப் பழுதுபார்ப்பது என்று 1964இல் வெனிஸில் ஒரு சாசனம் எழுதினார்கள். அதை ஒட்டிப் பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இருக்கும் பொருளைக் காப்பாற்று, மாற்றுவதைக் குறை, மாற்றினால் மாற்றியது தெரியட்டும் என்பது சாரம். கோபுரத்துக்குச் சொன்ன நியாயம் குஷனுக்கும். இதன் விளைவாக ஒரு தலைகீழ் நடந்திருக்கிறது. நல்ல மாட்டுத்தோல் இன்று எந்தத் தோல் வியாபாரியிடமும் கிடைக்கும். 1930களின் காருக்கு அன்றைய வரியோடும் பளபளப்போடும் விளக்கெண்ணெய் ரெக்ஸின் வேண்டும் என்றால் அலையவேண்டியதுதான். மலிவுக்காகச் செய்த போலி, அசலைவிட அரிதாகிவிட்டது. அதன் சாயலில் இப்போது பிவிசியில் செய்து தருகிறார்கள், போலிக்குப் போலியாக. 1865இன் நீதிபதிகள் இருந்திருந்தால் முத்திரையைக் கேட்டிருப்பார்கள்.

நம் குஷன் கடைகளில் டூரின் சாசனத்தை யாரும் படித்ததில்லை. ஆனாலும் அதை ஒருவகையில் கடைப்பிடிக்கிறார்கள். பழைய உறையைக் கழற்றக் கூலி ஆகும், நேரமும் ஆகும் என்பதால் அதன்மேலேயே புதிய உறையை இழுத்துக் கட்டிவிடுவது வழக்கம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடை வாசலில் அம்பாசடர் சீட் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே பழுப்பு. அதைக் கிழித்தால் உள்ளே வெள்ளை. வெள்ளைக்கு அடியில் பூப்போட்ட வெல்வெட், யாரோ ஒருவரின் கல்யாணக் கார்க் காலம். அதற்கும் அடியில், ஓரப் பைப்பிங்கூட அறுந்துபோகாமல், ஆலையிலிருந்து வந்த சிவப்பு. காரின் சொந்தக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும், தரையில் உட்கார்ந்து அதைத் தடவ ஆரம்பித்துவிட்டார். ‘மாஸ்டர், இதை அப்படியே கழட்டணும், ஒரு நூல்கூடப் போகக்கூடாது’ என்றார்.

மாஸ்டர் கையில் இருந்த கத்தியை நிறுத்தி, அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ‘கழட்டித் தரேன் சார். வளையத்தை ஒண்ணொண்ணா வெட்டணும், ரெண்டு நாள் கூலி சேர்த்து ஆகும். அதுக்குப் பதிலா இதே சிவப்புல புது மெட்டீரியல் வந்திருக்கு, ஏர்ஹோல் எல்லாம் போட்டு. கேட்லாக் காட்டட்டுமா?’